ஏழு இடம் தேடிய பிறகு

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி வாயால் வந்தால் கூடவே இன்னும் நாலு வரும். ஆனால் லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு இந்தக் குணம் ஒரு விதத்தில் வசதி. நின்றுபோன லிஃப்டின் முன்னால் தாடையைத் தடவிக்கொண்டு யோசிப்பவன் சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டேதான் இருப்பான். நான் பேனலைத் திறப்பேன், கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பேன், கையோடு பிடித்துச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பிவிடுவேன். கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று சூப்பர்வைசரே ஒருமுறை சொன்னார். அவர் லேசில் யாரையும் பாராட்டிவிடுகிற மனிதர் இல்லை.

வீட்டில் மட்டும் ஒரு ஆளைச் சீக்கிரம் கண்டுபிடிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது.

அந்த ஆள் என் மகள். எலி என்றுதான் கூப்பிடுவோம், எதைக் கொடுத்தாலும் ஓரத்திலிருந்து கொறித்துக்கொண்டு வருவாள். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, காலையிலிருந்து ஒரு பழைய லிஃப்டோடு மல்லுக்கட்டிவிட்டு ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே, பாப்பா எங்கே என்று மனைவியிடம் கேட்டேன். அவள் அடுப்பைவிட்டுத் திரும்பாமல், "பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன். ரெண்டு டப்பாகூடத் தரமாட்டேன்னுட்டான்" என்றாள். அப்போதுதான் பார்த்தேன். கூடத்து ஜன்னல் திரைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. ஒன்றில் சாக்ஸ் இருந்தது, இன்னொன்றில் இல்லை.

அன்று எனக்கிருந்த அலுப்புக்கு நேரே போய்த் திரையை விலக்கியிருக்க வேண்டும். என்ன தோன்றியதோ, ஷூ ரேக்கைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, இங்கே இல்லையே என்றேன். திரை குலுங்கியது. அடுத்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். திரைக்குள்ளிருந்து மூச்சை அடக்கிச் சிரிக்கிற சத்தம் வந்தது. ஒரு பிள்ளை அப்படிச் சிரிப்பதைக் கேட்டுவிட்டு எந்த அப்பனாலும் உடனே விளையாட்டை முடிக்க முடியாது.

ஒரு வாரத்தில் இது வீட்டு வழக்கமாகிவிட்டது. ஏழு இடம் தேட வேண்டும். ஷூ ரேக், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சாப்பாட்டு மேசைக்கு அடி, குளியலறை வாளி, கட்டிலுக்கு அடி, கடைசியில் என் டூல் பை. எட்டாவதாகத்தான் திரை. எலி ஒளிவது எப்போதும் அங்கேதான், வேறு எங்கேயும் இல்லை. நான் அவசரத்தில் ஒரு இடத்தை விட்டுவிட்டால் திரையே பேசும். "வாளில பாக்கலப்பா நீ" என்று ஞாபகப்படுத்தும். நானும், யார் அது பேசுவது என்று வாளியைத் தூக்கிப் பார்ப்பேன். மனைவி நாளுக்கு ஒரு பதில் வைத்திருப்பாள். பக்கத்து வீட்டுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறேன் என்பாள், துவைக்கப் போட்டேன் சுருங்கிவிட்டது என்பாள். ஏழும் முடிந்து நான் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்த பிறகு திரை திறக்கும். அவள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நான் இங்கியேதான் இருந்தேன்" என்பாள். ஒவ்வொரு நாளும் எனக்குப் புதிதாகத் தகவல் சொல்வது போலத்தான் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டுக்கு விடுமுறை. நான் வெளியே போய் வந்தால்தானே தேட முடியும்.

அவளுக்கு ஐந்து வயதானபோது மாலை ஷிஃப்டில் இருந்த மெக்கானிக் வேலையை விட்டுவிட்டான். ஆறே மாதம் சமாளி, ஆள் பார்க்கிறேன் என்று சூப்பர்வைசர் என்னை அதில் தள்ளினார். மதியம் இரண்டுக்குக் கிளம்பினால் வீடு திரும்பும்போது எலி தூங்கிப்போயிருப்பாள். முதல் இரண்டு நாள் ஆறு மணிக்கு அவள் போய்த் திரைக்குப் பின்னால் நின்றுவிட்டாளாம். அப்பா வர மாட்டார் என்று சொல்லியும் நகரவில்லையாம். மூன்றாம் நாள் என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆறரை மணிக்கு எனக்கு டீ நேரம். நான் கூப்பிடுவேன், அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நான் சொல்கிற இடத்தையெல்லாம் திறந்து காட்டுவாள். காட்டி என்ன, எனக்கா தெரியப்போகிறது? ஆனால் ஒவ்வொரு கதவும் திறக்கிற சத்தம் கேட்கும். திரைக்குள் சிரிக்கிற சத்தமும் கேட்கும்.

ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், மெஷின் ரூமில் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என் வீட்டைத் தேடுவேன். வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டு நன்றாகப் பார் என்று கத்துவேன். ஒரு கட்டடத்து வாட்ச்மேன் இதைக் கேட்டுவிட்டு, என்ன சார் தொலைந்துபோனது என்றார். என் பெண் என்றேன். மனிதர் போலீசுக்குப் போன் போடப் போய்விட்டார், நான் படிக்கட்டு வரை துரத்திப்போய்ப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும், கிடைத்துவிட்டாளா சார் என்று விசாரிப்பார். ஆறு மாதம் ஒரு வருஷமானது. எனக்கு ஆறரையிலிருந்து ஆறே முக்கால் வரைதான் நாள் என்று ஒன்று இருந்தது, மற்ற நேரமெல்லாம் வெறும் வேலை.

பிறகு ஒருநாள் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே ஒரு லிஃப்ட் ஐந்து பேரோடு நின்றது. உள்ளே ஒருவர் கதவை உடைக்கிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தார். வெளியே குடியிருப்பவர்கள் ஆளாளுக்கு எனக்கு வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு என்ன ஆச்சு என்றார். மணி ஆறரை தாண்டியது எனக்குத் தெரியவில்லை. போன் அடித்ததும் மறுபடியும் அவர்தான் என்று எடுத்தேன். மனைவி. எலியைக் காணோம் என்று வழக்கமான குரலில் ஆரம்பித்தாள்.

அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். போனை எடுக்காமலே விட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், என் தொழிலில் செய்வதைச் செய்தேன்.

"திரைக்குப் பின்னாலதான் இருக்கா. போய்ப் பாரு" என்றேன்.

வழக்கம்போல் அந்தப் பக்கம் போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. பிறகு திரை வளையங்கள் கம்பியில் உரசுகிற ஓசை கேட்டது. மெதுவாக நடந்து வந்து போனுக்குப் பக்கத்தில் எலி பேசினாள்.

"நீ தேடவே இல்லியேப்பா."

அழவில்லை. நாளைக்குத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இருபது நிமிஷத்தில் ஐந்து பேரையும் வெளியே எடுத்தேன். கதவைத் தட்டியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, எவ்வளவு சீக்கிரம் சார் என்றார்.

மறுநாள் ஆறு இருபத்தொன்பதுக்கே கூப்பிட்டேன். எலிதான் எடுத்தாள். "நான் இங்கதாம்பா இருக்கேன். டீ குடிச்சியா?" என்றாள். எங்கே ஒளிந்திருக்கிறாய் என்று கேட்டுப் பார்த்தேன். ஒளியவில்லை, படம் வரைகிறேன் என்றாள். கோபமா என்று கேட்டேன். இல்லையே என்றாள், நிஜமாகவே இல்லைதான். அதற்கடுத்த நாளும் அவள்தான் எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னாள், அந்த வருஷம் பிறந்திருந்த தம்பிப் பாப்பாவுக்குப் பல் வருவதைச் சொன்னாள், சமர்த்தாகப் பேசினாள். அந்தச் சமர்த்து எனக்கு வேண்டாமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை மனைவியிடம் சொல்லிப் புலம்பினேன். பிள்ளைகள் வளரத்தான் செய்யும், நீங்கள் சொல்லாவிட்டாலும் இன்னும் ஒரு வருஷத்தில் அவளே விட்டிருப்பாள், இதற்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். அவள் சொல்வது சரி. ஆனால் அந்த ஒரு வருஷம் எனக்கு வரவேண்டியது. முன்னூறு சாயங்காலம் இருக்கும். ஒரு அவசரத்தில் அத்தனையையும் நானே முடித்து வைத்தேன். ஒரே ஒருமுறை அவள் மறுபடியும் எனக்காக ஒளிய மாட்டாளா என்று இருந்தது. பெரிய ஆசை இல்லை அது, ஆனால் வேறு எதுவும் அப்போது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு ஒருவழியாக நாள் ஷிஃப்டுக்கு மாறியபோது எலிக்கு ஏழு முடிந்திருந்தது. தம்பிக்காரனுக்கு இரண்டு. மருத்துவமனையிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த நாளிலிருந்து அவனுக்குப் பொட்டலம் என்று பெயர். முதல் நாள் மாலை ஆறுக்கு நான் வீட்டு வாசலில் நின்றேன். மணியை அடித்துவிட்டு, ஒளிவதற்கு நேரம் வேண்டுமே என்று கதவு திறந்த பிறகும் உள்ளே போகாமல் நின்றேன். மனைவி, வாசலிலேயே குடித்தனம் நடத்தப்போகிறீர்களா என்றாள். என் பெண்ணைக் காணோமே என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எலி நிமிராமல் கையைத் தூக்கி, "இங்க இருக்கேன்பா" என்றாள். வகுப்பில் ஆஜர் சொல்கிற மாதிரி.

இப்படியே ஒரு மாதம் போனது. வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டேவிட்டேன், ஒளிந்து விளையாடலாமா என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ ஒளிஞ்சுக்கோ, நான் தேடறேன்" என்றாள். அதுவாவது கிடைத்ததே என்று போய்த் திரைக்குப் பின்னால் நின்றேன். தொண்ணூறு கிலோ ஆள், தொப்பை திரையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. உள்ளே தூசி வாசனை. துணி வழியாகக் கூடம் மங்கலாகத் தெரிந்தது. சிரித்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. ஷூ ரேக் திறக்கிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

ஷூ ரேக் திறக்கவில்லை. நாற்காலி நகர்ந்தது, நாலு எட்டு, திரை விலகியது.

"கால் தெரியுதுப்பா" என்றாள் எலி. என்னைக் குத்த வேண்டும் என்று செய்யவில்லை. தெரிந்தது, சொன்னாள், எழுதப் போய்விட்டாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அன்றைக்கு ஆறு வயதில் அவள் இங்கே நின்றிருப்பாள். தேடும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பாள். அப்போது போனிலிருந்து என் குரல் வந்திருக்கும். பொட்டலம் என் காலைக் கட்டிக்கொண்டு, அப்பா இங்கே என்ன செய்கிறார் என்று அண்ணாந்து பார்த்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பத்து நாள் இருக்கும். மாலையில் மனைவி கதவைத் திறந்தாள். வழக்கமாக ஓடிவந்து என் முழங்காலில் முட்டுகிற பொட்டலத்தைக் காணவில்லை. எலி மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கே அவன் என்று கேட்கும்போதே பார்த்துவிட்டேன். ஜன்னல் திரை ஓரமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு குட்டிக் கால்கள், விரல்களெல்லாம் மடங்கிப் பிரிந்து நிலைகொள்ளாமல் நின்றன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அங்கே நின்றதைப் பார்த்தவன் அவன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பையைப் போட்டுவிட்டு நேரே போய் அவனை வாரி எடுத்துக்கொள்ளக் கையை நீட்டிவிட்டேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள்.

எலி. கையில் பென்சிலோடு நின்றாள். என் தோளைப் பிடித்துக் குனிய வைத்து, காதுக்குள் சொன்னாள்.

"உடனே கண்டுபிடிச்சிடாதப்பா. உள்ள நிக்கறவங்களுக்கு அழுகையா வரும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைக் குறை சொல்வது போல எதுவும் இல்லை அதில். ஒரு வேலையில் முன்அனுபவம் உள்ளவர்கள் புது ஆளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, போய்த் தேடு என்று திரைக்கு எதிர்ப் பக்கமாகக் கண்ணைக் காட்டினாள். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

ஷூ ரேக்கைத் திறந்தேன், ஃப்ரிட்ஜைத் திறந்தேன், வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டேன். திரைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. இது வேறு சிரிப்பு, இவனுடைய சிரிப்பு. அதைக் கேட்க எனக்கு ஆனந்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு சிரிப்பை என் காது தேடிக்கொண்டே இருந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை.

மண்டியிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் நுழைந்தேன். நாற்காலியிலிருந்து எலியின் கால்கள் இறங்கி, பாதம் முழுவதும் தரையில் பதிந்திருந்தன. முன்பெல்லாம் அவை அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். எப்போது தரையை எட்டின என்று எனக்குத் தெரியாது. மேலே பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. "இங்கயும் இல்லியே" என்று திரைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டு, குளியலறை வாளியைப் பார்க்கப் போனேன்.