கவிழ்ந்த உள்ளங்கை

வெல்மா தொப்பியை எடுத்து இறந்துபோன தம்பியின் மார்பின் மேல் வைத்தாள். தம்பி மனைவி நொலீன் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவன் தொப்பி அவன் கூட இருக்கட்டும்னு வெச்சேன்" என்றாள் வெல்மா.

"என் கூட இருந்தா அவர் கூட இருக்கிற மாதிரிதான்."

வெல்மா தழையை ஒடித்து ஈ விரட்டத் தொடங்கினாள். காகிதப்பட்டை மர நிழலில், சுருட்டுப்படுக்கையின் மேல், கழுத்துவரை ஈரத் துண்டுகள் போர்த்தியபடி கிளைவ் கிடந்தார். ஓடைக்கரையில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து இரண்டு கிழவிகளுமாகப் படுக்கையில் கிடத்தி இழுத்து இந்த மேட்டுக்கு ஏற்றியிருந்தார்கள். மேல் ஓடையில் சாதுவான முதலைகள்தான். இருந்தாலும் அவரைத் தண்ணீரோரம் விட்டுவைக்க இருவருக்குமே மனம் வரவில்லை. காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன காரியம் அது ஒன்றுதான்.

சாட்டிலைட் ஃபோனில் போலீசுக்குச் சொல்லியாயிற்று. கேத்தரின் டவுனிலிருந்து வண்டி வரப் பிற்பகல் ஆகும், நிழலில் வையுங்கள், ஈரத்துணி போடுங்கள் என்றார்கள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஓடை நொலீனுக்குச் சக்களத்திதான். மழை விட்டுச் சாலை திறந்ததும் கிளைவ் வண்டியில் சாமான் ஏற்றுவார். மத்தாரங்காவிலிருந்து அக்கா வந்து முன் சீட்டில் ஏறிக்கொள்வாள். வாரக்கணக்கில் இருவரும் இங்கே. நொலீன் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். திரும்பி வந்தபின் சாப்பாட்டு மேசையில் அக்காவும் தம்பியும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்கள், இரண்டு விரலை மடக்கித் தலையாட்டுவார்கள். முதலை வேட்டைக்காரரான அப்பன் கத்துக்கொடுத்த சைகைகள். சத்தம் போட்டால் மிருகம் போய்விடும் அல்லவா? 'என்ன அது?' என்று நொலீன் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். 'அது ஒண்ணுமில்ல கண்ணு, காட்டு விஷயம்' என்றார் கிளைவ். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இந்த வருஷம் டாக்டர் கிளைவின் இதயத்தைப் பற்றி உதட்டைப் பிதுக்கியதும் நொலீன் முந்திக்கொண்டாள். "நானும் வர்றேன். முன் சீட்டு எனக்கு." வெல்மா பின்னால், ஐஸ் பெட்டிக்கும் விறகுக்கும் நடுவே, முழங்காலைக் கட்டிக்கொண்டு வந்தாள். நொலீனுக்கு அந்தக் குலுங்கல் சாலையே இனித்தது.

"டீ போடட்டுமா?" என்றாள் வெல்மா இப்போது. கரி பிடித்த தகரவாளியை நெருப்பில் வைத்தாள். பிறகு கைப்பழக்கத்தில், கெட்டிப்பால் டின்னைத் திறந்து ஒரு குவளையில் கட்டியாக ஊற்றி, ஊற்றிய பிறகுதான் விழித்தாள்.

"யாருக்கு அது?" என்றாள் நொலீன்.

"அவன்… அவனுக்கு இப்படித்தான்."

"வீட்ல அவர் கறுப்பு டீதான் குடிப்பார். சர்க்கரை கூடப் போடமாட்டார்."

"வீட்ல, ஆமா."

அந்த 'வீட்ல' நொலீன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தெரியாத கிளைவ் ஒருவர் இன்னும் எத்தனை பால் டின்களோடு இந்த ஓடையோரம் இருந்தாரோ! அந்தக் குவளையை அவளே எடுத்து, தித்திப்பைச் சகித்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"கடைசியா ஏதாவது சொன்னானா?" வெல்மா கேட்டாள். மூன்றாம் தடவை.

"சொல்லல."

பொய் இல்லை. அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் நடந்தது வேறு.

விடிந்த சற்று நேரத்தில் வெல்மா தூண்டிலைப் பார்க்க ஓடையின் மேல்பக்கம் போயிருந்தாள். கிளைவ் ஓடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நொலீன் ஓடைக்கு முதுகு காட்டி, நாற்காலியை அவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தாள். ஓடையைப் பார்க்கவா அவள் வந்தாள்? ரொட்டி சுடலாம் என்று எழப்போனபோது கிளைவ் முழங்கால் மேலிருந்த கையைத் தூக்கினார். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, மெல்ல, இரண்டு முறை அழுத்தினார். முகம் மலர்ந்திருந்தது. ஆனால் கண் அவள் மேல் இல்லை.

சும்மா உட்காரு. நீ வேண்டாம். அப்படித்தான் அவளுக்குப் பட்டது. அக்கா வரட்டும், அவள் சுட்டால்தான் ரொட்டி என்று நினைக்கிறாரோ? கையைக் கட்டிக்கொண்டு, தன் செருப்பைப் பார்த்தபடி, வீம்புக்கு அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் என்று அவள் தலை நிமிர்ந்தபோது அந்தக் கை முழங்காலில் அதே மாதிரி கவிழ்ந்திருந்தது. அவர் இல்லை.

இத்தனை வருஷத்துக்கும் கடைசியாக அவர் அவளிடம் சொன்னது 'வேண்டாம்' தானா? தெரிந்தவள் எதிரே உட்கார்ந்து ஈ ஓட்டுகிறாள். கேட்டால் சொல்வாள். ஆனால் தன் புருஷனின் கடைசிப் பேச்சுக்கு நாத்தனாரிடம் போய் அர்த்தம் கேட்பதா? அதைவிடத் தெரியாமலே இருந்துவிடலாம்.

பருந்துகள் தாழ வட்டமிட்டன. வெல்மாவின் கை சோர்ந்தது. தழையை நொலீன் வாங்கிக்கொண்டாள். நெடுநேரம் வீசினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி வந்துவிடும். அப்புறம் இவள் மத்தாரங்காவுக்கு, நான் வீட்டுக்கு. அப்புறம் ஏது?

தழையைக் கீழே போட்டாள். கையை நீட்டினாள். உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு முறை அழுத்தினாள்.

"இது என்ன, உங்க பாஷையில?"

வெல்மாவின் முகம் மாறியது. "உனக்கு யார் காட்டுனா?"

"அவர்தான். காலையில."

"உனக்கா?"

"எனக்குத்தான். வேற யாரு இருந்தா அங்க?"

வெல்மா தம்பியைப் பார்த்தாள். அவன் ஏதோ களவு செய்துவிட்டதுபோலப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அசையாதே. உன் பின்னாடி நிக்குது."

"எது?"

வெல்மா அதற்குள் எழுந்து மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். நொலீன் தொப்பியோடு பின்னால் போனாள்.

நாற்காலிகள் அப்படியே இருந்தன. நொலீனின் நாற்காலிக்குப் பின்னே ஈரமணலில், தண்ணீரிலிருந்து வரிசையாக வந்து, விரித்த கையளவு பெரிய மூன்று விரல் தடங்கள். நாற்காலிக் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இரண்டு தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன, அங்கே நின்று பார்த்த மாதிரி. அப்புறம் அவசரமில்லாமல் தண்ணீருக்குத் திரும்பிப் போயிருந்தன.

"ஜபிரு" என்றாள் வெல்மா. குத்துக்காலிட்டு, தொடாமல், தடத்தின் மேல் தன் கையை விரித்துப் பார்த்தாள். "அந்தப் பெரிய நாரை. வருஷாவருஷம் காத்துக்கிடப்போம். அக்கரையைத் தாண்டி வராது." நிமிர்ந்து நொலீனைப் பார்த்தாள். "நீ அசையவே இல்லையா?"

"இல்ல."

"எப்படி முடிஞ்சுது?"

"அவர் மேல கோவமா இருந்தேன்."

வெல்மா மணலில் கையூன்றினாள். எழுந்திருக்க முழங்கால் மறுத்தது. நொலீன் கை கொடுத்தாள். வெல்மா அதைப் பார்த்தாள், பற்றிக்கொள்ளவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்தாள்.

"நான் இருந்திருந்தா திரும்பிப் பாத்திருப்பேன்" என்றாள் மறுபக்கம் பார்த்து. "எனக்கு இவ்வளவு கிட்ட ஒரு நாளும் வந்ததில்ல."

மரங்களுக்கப்பால் எஞ்சின் சத்தம் கேட்டது. வெள்ளைக் கிளிகள் கூச்சலிட்டு எழும்பின. போலீஸ் வண்டி கரையிலிருந்து இறங்கி, அங்கே இருந்த ஒரே வழியாக, மணலில் நாற்காலிகளை நோக்கி வந்தது. இளம் போலீஸ்காரன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

நொலீன் கணவரின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு தடங்களுக்கு முன்னால் போய் நின்றாள். கையைத் தூக்கினாள். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, மெல்ல, இரண்டு முறை அழுத்தினாள்.

வண்டி நின்றது.