ஷெமீமாவின் புது மஹர்

ஷெமீமா ஸ்கூட்டர் பழகியதுதான் சண்டைக்குக் காரணம். குளச்சல் கடைத்தெருவில் அவள் தோழியின் வண்டியை ஓட்டிப் போனதை எவனோ படமெடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டான். அங்கே வேலை பார்க்கும் அவள் புருஷன் மாஹீனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, போனிலேயே ஒரு தலாக் சொல்லிவிட்டான்.

ஒரு தலாக் என்றால் உறவு உடனே அறுந்துவிடாது. இத்தா என்ற காத்திருப்புக் காலம் முடியும்வரை பெண் புருஷன் வீட்டிலேயே இருப்பாள். அதற்குள் அவன் 'திரும்ப எடுத்துக்கிட்டேன்' என்று சொன்னால் போதும், பழைய நிக்காஹ் அப்படியே நிற்கும். ஷெமீமா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கினாள். போனில் கூப்பிட்டதெல்லாம் கேஸ் சிலிண்டர்காரன்தான்.

மூன்று மாதம் நிறைய இரண்டு வாரம் இருக்கையில் மாஹீன் பெட்டியோடு வந்து இறங்கினான். அவனைப் பெற்ற மைமூன் மாமி வாசலிலேயே மறித்தாள்.

"அங்கயே நில்லு மக்கா. உள்ள அந்நியப் பொண்ணு இருக்கு."

"மூணு மாசம் ஆகலியே உம்மா. நான் எண்ணிட்டில்லா வந்தேன்."

"பொம்பளைக்க கணக்கு காலண்டர்லயா கெடக்கு? அது நேத்தே முடிஞ்சு."

பள்ளிவாசலுக்கு ஓடினான். மாதவிலக்கு வருகிற பெண்ணுக்கு அவளுடைய மூன்று சுற்றுதான் கணக்கு, அதில் அவள் சொல்தான் செல்லும் என்றார் ஆலிம்சா. இனிச் சேர வேண்டுமானால் அவள் சம்மதிக்க வேண்டும். புது நிக்காஹ், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரும் புதிது. முகம் செத்துத் திரும்பி வந்தான்.

கதவுக்கு உள்ளே ஷெமீமா பையைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றாள். அவளைக் கூட்டிப்போக வாப்பா தக்கலையிலிருந்து கிளம்பியாயிற்று.

"நாலு பேருக்கு முன்னால நேர்ல வந்து கூப்பிடணும்னு நினைச்சேன்டி. அதுக்குத்தான் லீவு சேத்தேன்" என்றான் மாஹீன் வெளியிலிருந்து.

"தலாக் சொல்ல போன் போதும். திருப்பிக் கூப்பிட மட்டும் பிளைட்டு வேணுமா?" இத்தனை நாள் அடக்கிய அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.

மாஹீன் கதவோரம் வந்து நின்றான்.

"தப்புதான். என்ன மஹர் வேணும், சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்தாள். "ஸ்கூட்டர். எம்பேர்ல."

"செவப்புக் கலரா கேளுட்டி" என்றாள் மாமி.

கூட்டிப்போக வந்த வாப்பாவே வெள்ளிக்கிழமை நிக்காஹ் செய்து கொடுத்தார். லீவு முடிந்ததும் ஷெமீமாதான் புது ஸ்கூட்டரில் மாஹீனைப் பின்னால் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனாள். வளைவுக்கு வளைவு அவன் பயத்தில் அல்லாஹ்வின் பேரைச் சொல்லி திக்ரு ஓதினான்.

"சொன்ன தலாக் சொன்னதுதான். மூணுல மிச்சம் ரெண்டுதான் கெடக்கு, ஓர்மை இருக்கட்டும்" என்றாள் அவள்.

"அந்த ரெண்டும் எனக்கு வேண்டாம். நீ ரோட்டைப் பாரு."

அவள் வீடு திரும்பி வண்டியை நிறுத்துவதற்குள் போன் அடித்தது. பஸ் இன்னும் தக்கலைகூடத் தாண்டியிருக்காது.

"என்னத்த மறந்தீங்க?"

"ஒண்ணும் மறக்கல. கூப்பிட பிளைட்டு வேண்டாம்னு நீதானே சொன்னே."