பத்துப் புளியங்கொட்டை

சந்தேகம்னு ஒண்ணு உள்ள பூந்துட்டா சோறு எறங்குமா? இளவரசிக்கு அன்னிக்கு மதியம் எறங்கல. பக்கத்துல ஒக்காந்து எலுமிச்ச சோறு துன்னுக்கினு இருந்த அபியோட கோட்டுப் பாக்கெட்டையே ஓரக்கண்ணால பாத்துக்கினு இருந்தா.

விஷயம் இதுதான். காலையில பொருளியல் டீச்சர் அம்சவேணி ஒரு ஆட்டம் வெச்சாங்க. ப்ளஸ் ஒன்ல மொத்தம் இருபது பேரு. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. மூடுன டப்பா ஒண்ணு சுத்தி வரும். உள்ள கைய விட்டு இஷ்டப்பட்டதப் போடலாம், போடாமலும் இருக்கலாம், யாருக்கும் தெரியாது. விழுந்தத டீச்சர் ரெண்டு மடங்காக்கி எல்லாருக்கும் சமமாப் பிரிப்பாங்க. போடாதவனுக்கும் பங்கு உண்டு.

எல்லாரும் முழுசாப் போடறதுன்னு பேசி வெச்சாங்க. எண்ணிப் பாத்தா நூத்தித் தொண்ணூறு. பத்து குறையுது. டீச்சர், "இது வெள்ளோட்டம். மதியம் நிஜ ஆட்டம், பத்துக் கொட்டைக்கு ஒரு கடல மிட்டாய்"னுட்டுப் போயிட்டாங்க.

அமுக்குனது யாரு? ஆனந்தகுமார்தான் மொதல்ல வாயத் தெறந்தான். "வெளியூரு கூரத்துலேர்ந்து பஸ்ல வர்றது அபி ஒண்ணுதான?" அவ்ளோதான், பத்திக்கிச்சு. இளவரசிக்கு இது புதுசா என்ன? அவங்க வீட்டுல ஜரிகை எடை குறைஞ்சா தறியில ஒக்காந்திருக்கிற வீட்டாளுங்கள யாரும் கேக்க மாட்டாங்க, நூல் சுத்த வர்ற வெளியாளத்தான் பாப்பாங்க. அந்தப் பாழாப்போன பழக்கம் இவளுக்கும் ஒட்டிக்கிச்சு. ஆறாங்கிளாஸ்லேர்ந்து அபியும் இவளும் ஒரே பெஞ்சு. அந்தச் சிநேகம் பத்துக் கொட்டையில ஆட்டங்கண்டுடுச்சு.

"நீ போட்டியாடி?"ன்னு கேட்டா.

"பத்தும் போட்டேன்பா. எம்மேல சந்தேகமா?"

"சேச்சே. மதியமும் ரெண்டு பேரும் முழுசாப் போடலாம், சரியா?"

"சரி"ன்னு அபி சிரிச்சா. அந்தச் சிரிப்புகூட இளவரசிக்குக் கள்ளச் சிரிப்பாத்தான் பட்டுது.

மதியம் டீச்சர் மறுபடியும் ஆளுக்குப் பத்துக் கொட்டை குடுத்தாங்க. டப்பா வந்துது. இளவரசி கைய விட்டா, சும்மா ஆட்டிட்டு எடுத்தா. ஏமாந்த சோணகிரி ஆவறதுக்கு நானா கெடச்சேன்னு நெனச்சுக்கினா. கொட்டை பத்தும் பாக்கெட்டுலயே இருந்துது.

டீச்சர் டப்பாவக் கவுத்தாங்க. பத்தே பத்து.

"மிச்சம் வெச்சிருக்கிறத பெஞ்சு மேல வைங்க."

எல்லாருக்கு முன்னாடியும் பத்துப் பத்தா குவியல். அபிக்கு முன்னாடி ஒண்ணுமில்ல.

"அப்போ காலையில திருடுனது?"ன்னு ஆனந்தகுமார் இழுத்தான்.

"யாருமில்ல. காலையில வந்தது பத்தொம்பது பேரு"ன்னு டீச்சர் வருகைப் பதிவேட்டத் திருப்பிக் காட்டுனாங்க. "ஜான்சன் மதியம்தான் வந்தான். யாராவது கேப்பீங்கன்னு பாத்தேன்."

"ஆமாம்பா, பேங்குக்குப் போயிருந்தேன்"னான் ஜான்சன்.

பத்து ரெண்டு மடங்கானா இருபது, ஆளுக்கு ஒண்ணு. இளவரசிக்குப் பதினொண்ணாச்சு, ஒரு மிட்டாய் கெடச்சுது. அபிகிட்ட ஒரே ஒரு கொட்டை. மிட்டாய் இல்ல.

வெக்கத்துல இளவரசிக்குக் காது ரெண்டும் சுட்டுது. மிட்டாய ஒடச்சுப் பாதிய நீட்டுனா. "இந்தாபா."

அபி வாங்கல. இளவரசியோட குவியலையே பாத்துக்கினு இருந்தா.

"அவங்கல்லாம் நம்பல, சரி. நீதான எங்கிட்ட முழுசாப் போடலாம்னு சொன்னே?"

அப்புறம் பையத் தூக்கிக்கினு எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போயிட்டா.