காதை அடைத்துக்கொண்டு எழுதும் தேர்வு

பான் சாரைத் தோற்கடிக்கும் ஒரு கேள்வியாவது எழுதாமல் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போவதில்லை என்று தெங் யாச்சின் சபதம் செய்திருந்தாள். சபதம் செய்யாவிட்டாலும் போக முடியாது என்பது வேறு விஷயம். வாசலில் போலீஸ். சன்னல்களில் கறுப்புக் காகிதம். கைபேசிகள் பூட்டிய பெட்டிக்குள். பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கான ஆங்கிலத் தேர்வு நடந்து முடியும்வரை கேள்வி எழுதுகிறவர்கள், குரல் கொடுக்கிறவர்கள், அச்சடிக்கிறவர்கள், சமைக்கிற லாய் அக்கா எல்லோரும் உள்ளேதான். மீன் முள்கூட வெளியே போகக் கூடாது. குப்பையில் ஒளித்து யாராவது வினாத்தாளை அனுப்பிவிட்டால்? அதனால் பின்கட்டில் குப்பைப் பைகள் குன்றாக வளர்ந்துகொண்டிருந்தன.

"நமக்கும் குப்பைக்கும் ஒரே நாள்லதான் விடுதலை" என்பார் பான் சார்.

பான் சார் தீவின் தெற்கே பிங்டுங் என்ற ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவர். இங்கே அவருக்குக் கொடுத்திருந்த வேலை காதை அடைத்துக்கொண்டு கேட்டல் தேர்வு எழுதுவது. கேலி இல்லை, அது தேவையான வேலை. கேட்டல் தேர்வில் பிள்ளைகள் கையில் இருக்கும் தாளில் விடைகள் மட்டும்தான் இருக்கும், கேள்விக்கு நாலு. உரையாடலும் கேள்வியும் ஒலிபெருக்கியில் வரும். அந்த நாலு விடைகளைப் பார்த்த மாத்திரத்திலேயே எது சரி என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்தக் கேள்வி காதை அளக்கவில்லை, குறுக்குப் புத்தியை அளக்கிறது என்று பொருள். ஆகவே பான் சார் முதலில் கட்டட வேலைக்காரர்கள் மாட்டுகிற காதுமூடியை மாட்டிக்கொண்டு விடை எழுதுவார். பிறகு அதைக் கழற்றிவிட்டு, ஒலிப்பதிவைக் கேட்டு மறுபடி எழுதுவார். மூடிய காதுக்குத் தப்பு, திறந்த காதுக்குச் சரி என்று வந்தால்தான் கேள்வி பிழைக்கும்.

யாச்சின் எழுதிய கேள்விகள் எல்லாம் மூடிய காதிடமே மடிந்தன.

"எப்படி சார் கண்டுபிடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"டீச்சர், பையன் ஏன் லேட்டுன்னு நாலு விடை போட்டிருக்கீங்க. பஸ்ஸை விட்டுட்டான், சாவியைத் தொலைச்சுட்டான், ஃப்ரெண்டோட சண்டை போட்டான், கண்ணு தெரியாத பெரியவரை வீட்டுல கொண்டுபோய் விட்டான். தேர்வுத்தாள்ல வர்ற பையன் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்ல. அங்க எவனும் பொய் சொல்ல மாட்டான், கடன் கேக்க மாட்டான். நூலகம் எப்பவும் திறந்திருக்கும். அப்பாக்களுக்குக் கோபமே வராது. நம்ம ஊர்ல செத்துப் புண்ணியம் சேர்த்தவங்க எல்லாம் அங்கதான் போய்க் குடியிருக்காங்க போலிருக்கு."

பக்கத்து அறையில் வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியைத் தயாரித்தவர்களுக்கும் இதே கதிதான். பத்தியை மூடி வைத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் நீட்டினால், "தேனீக்களைக் காப்பாத்தணும், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

யாச்சினுக்கு அந்தக் கேலி தைத்தது, ஏனென்றால் அது உண்மை. பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு அந்தப் புண்ணியலோகத்து ஆங்கிலத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இந்த முறை வினாத்தாளில் உயிருள்ள ஒரே ஒரு மனிதனையாவது உள்ளே விட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. இடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது, கடைசி உரையாடல். மறுநாள் காலை அச்சு தொடங்கும். அதற்குள் அவள் கேள்வி தேறாவிட்டால், குழுத் தலைவர் பேராசிரியர் ஷாவ் உறையில் தயாராக வைத்திருந்த மாற்றுக் கேள்வி போகும். அது ஒரு கடல் நத்தையைப் பற்றியது. நத்தை அதில் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு எதுவும் நடக்காது.

யாச்சின் தன் வாழ்க்கையிலிருந்தே ஒன்றை எடுத்தாள். படிக்கும் காலத்தில் இங்கிலாந்து போய் லீட்ஸ் நகரில் ஒரு அம்மாள் வீட்டில் வாடகைக்கு இறங்கியபோது, வந்ததும் வராததுமாக அந்த அம்மாள் சூப் வேண்டுமா என்று கேட்டாள். யாச்சின், வளர்த்த வளர்ப்புக்கு ஏற்ப, வேண்டாம் என்றாள். இரண்டாம் முறை கேட்பாள், மூன்றாம் முறை கையைப் பிடித்து உட்கார வைப்பாள் என்று காத்திருந்தாள். அந்த அம்மாளோ "சரிம்மா" என்று சொல்லிவிட்டு சூப்பைக் குளிர்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாள். விடியும்வரை அந்தப் பெட்டி உறுமுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள் யாச்சின்.

அதையே உரையாடலாக்கினாள். வெளியூரிலிருந்து வந்த ஒருவன், வீட்டுக்காரி, சூப். வேண்டாம் என்கிறான். அடுத்து அந்தப் பெண் என்ன செய்வாள்? சூப்பை ஊற்றிக் கொடுப்பாள், எடுத்து உள்ளே வைப்பாள், கடைக்குப் போவாள், மகனைக் கூப்பிடுவாள் என்று நாலு விடை. இரண்டாவதுதான் சரி.

குரல் கொடுக்கும் ரஸ்ஸலும் ஜோனும் அதைப் பதிவு செய்தார்கள். ரஸ்ஸல் நியூசிலாந்துக்காரர், தைச்சுங் நகரில் உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். பான் சார் காதுமூடியோடு வந்து உட்கார்ந்தார். விடைகளைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"மூணாவது, கடை. தேர்வுத்தாள்ல வர்ற பொம்பளைக்கு எப்பவும் கடையில ஏதாவது வாங்க வேண்டியிருக்கும்."

"தப்பு!" என்று கத்திய யாச்சின் எழுந்தே நின்றுவிட்டாள். ரஸ்ஸல் கைதட்டினார். பேராசிரியர் ஷாவ் கண்ணாடியை இறக்கி, "இன்னும் பாதி இருக்கு" என்றார்.

பான் சார் காதுமூடியைக் கழற்றினார். பதிவைக் கேட்டார். கொஞ்சமும் தயங்கவில்லை.

"முதலாவது. சூப்பை ஊத்திக் குடுப்பா."

"சார், அவன்தான் வேணாங்கிறானே!"

"வேணாம்னுதான் சொல்வான். பின்ன, வந்து நுழைஞ்சதும் கிண்ணத்தை நீட்டுவானா? நல்ல குடும்பத்துப் பையன்."

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த லாய் அக்காவிடம் பேராசிரியர் சீன மொழியில் கதையைச் சொன்னார். "ஊத்தாம இருந்தா அவ என்ன கல்நெஞ்சுக்காரியா?" என்று கேட்டாள் லாய் அக்கா. ரஸ்ஸல் ஒருவர்தான் இரண்டாவது விடையைச் சொன்னார். "வேணாம்னா வேணாம்தானே? அதுக்கு மேல கேட்டா தொல்லை."

"அதான் உங்க மாமியார் வீட்டுல உங்களை இன்னும் குறை சொல்றாங்க" என்றார் பான் சார்.

பேராசிரியர் ஷாவ் தாளைக் கவிழ்த்து வைத்தார். "தெங் டீச்சர், நாம அளக்கிறது காதை. பழக்கவழக்கத்தை இல்ல. ஒரு பொண்ணு ஒவ்வொரு வார்த்தையும் சரியா புரிஞ்சுகிட்டு, நல்ல பொண்ணா வளர்ந்த ஒரே காரணத்துக்காகத் தப்பா எழுதினா, அது யார் தப்பு? அளவுகோல் தப்பு. சாப்பிட்டுட்டு வாங்க. அதுக்குள்ள சரி பண்ண முடிஞ்சா பார்க்கலாம். இல்லேன்னா நத்தைதான்."

சாப்பாட்டு மேசையில் யாச்சின் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு சோயாச் சாற்றில் பொறுமையாக வெந்த பன்றிக்கால். தோல் கண்ணாடி மாதிரி மின்னியது. பேச்சு வளர வளரப் பாத்திரம் குறைந்து, கடைசியில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. லாய் அக்கா அதைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"பான் சார், கடைசி ஒண்ணு. போடட்டுமா?"

"ஐயோ, வேணாம் வேணாம், வயிறு ரொம்பிப் போச்சு" என்று பான் சார் கிண்ணத்தின் மேல் கையை விரித்து மூடினார். கடைசி ஒன்றைக் கேட்டவுடன் வாங்கிக்கொள்கிறவனை ஊர் என்ன சொல்லும்? ஆனால் விரல்களுக்கு நடுவே ஒரு பன்றிக்கால் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

"அப்ப எனக்குப் போடுங்க அக்கா" என்று ரஸ்ஸல் கிண்ணத்தை நீட்டினார்.

கரண்டி அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. நீட்டிய கிண்ணத்தை எப்படி மறுப்பது? துண்டு ரஸ்ஸலிடம் போய் விழுந்தது.

ரஸ்ஸல் கடித்தார், மென்றார், பான் சார் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல."

"இல்ல, ஏதோ இருக்கு."

"ஒண்ணுமில்லப்பா. நீ சாப்பிடு. நல்லா சாப்பிடு."

ரஸ்ஸல் எலும்பைத் திருப்பி மறுபக்கம் கடித்தார். அதற்குமேல் பான் சாருக்குத் தாங்கவில்லை.

"வேணாம்னு நான் ஒரு தடவைதானய்யா சொன்னேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். யாச்சின் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக் குச்சிகளைப் போட்டுவிட்டு ஓடினாள். தன் உரையாடலில் இல்லாமல்போனது எது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சூப் வேண்டாம் என்றவனின் மனதுக்குள் இருப்பதைக் கேட்கிறவர் ஊகிக்க வேண்டியிருந்தது. ஊகம் ஊருக்கு ஊர் மாறும். மனதில் இருப்பதை அவன் வாயாலேயே சொல்லவைத்துவிட்டால் ஊகத்துக்கு வேலை இல்லை, காதுக்குத்தான் வேலை.

புதிய உரையாடலில் பெண் சூப்பைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, களைப்பாக இருப்பாய், போய்த் தூங்கு என்கிறாள். அவன் நகராமல் நிற்கிறான். பிறகு, "நான் ஒரு தடவைதான் வேண்டாம் என்றேன்" என்கிறான். "உங்கள் வீட்டில் எத்தனை தடவை சொல்வீர்கள்?" "மூன்று. அதற்கப்புறம் சாப்பிடுவோம்." அவள் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறக்கிறாள். அவனுக்கு என்ன வேண்டும்? இதுதான் கேள்வி.

இனி விடைகள். சரியான விடையை எழுதுவது சுலபம், தப்பான மூன்றை எழுதுவதில்தான் தொழில் இருக்கிறது. அவற்றைத் தூண்டில் என்பார்கள். எவரும் கடிக்காத தூண்டிலால் பயன் இல்லை. அரைகுறையாகக் கேட்ட பிள்ளை ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து மாட்டிக்கொள்ள வேண்டும். "தூங்கு" என்பதை மட்டும் பிடித்த பிள்ளைக்கு, சீக்கிரம் தூங்கப் போக வேண்டும். "வீடு" மட்டும் கேட்டவனுக்கு, வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கடைசித் தூண்டிலை யாச்சின் பான் சாருக்கென்றே தனியாகச் செய்தாள். முள்ளில் நல்லொழுக்கத்தைக் கோத்தாள்: குளிர்பெட்டியை நகர்த்த அவளுக்கு உதவ வேண்டும்.

பதிவறையில் ரஸ்ஸல் முதல் தடவை அந்த "ஒரு தடவைதான்" வரியைச் சொன்னபோது, கண்ணாடிக்கு வெளியே நின்ற லாய் அக்கா, "அச்சச்சோ, பிள்ளைக்குப் பசிக்குதா?" என்று கேட்டாள். அவளுக்கு ஆங்கிலத்தில் நன்றி சொல்வது ஒன்றுதான் தெரியும்.

"ஆகாது, திரும்ப எடுக்கணும்" என்றாள் யாச்சின். "மொழி தெரியாதவங்களுக்கே குரலை வெச்சு விடை தெரிஞ்சிடுது. இவ்வளவு பரிதாபமா வேணாம், ரஸ்ஸல். மரியாதையா, கொஞ்சம் விறைப்பா சொல்லுங்க."

"பான் சார் பரிதாபமாத்தானே சொன்னார்?"

"அவர் காலைப் பறிகொடுத்தவர். இவனுக்கு வெறும் சூப்தான்."

அடுத்த முறை லாய் அக்கா, "யாரோ பேங்க்ல பேசுற மாதிரி இருக்கு" என்றாள். அது போதும்.

பான் சார் இன்னும் உர்ரென்றுதான் இருந்தார். காதுமூடியை மாட்டினார். நாலு விடைகளையும் ஒருமுறை மேய்ந்தார்.

"நாலாவது. பொம்பளைக்கு உதவி பண்றான். சந்தேகமே வேணாம்."

யாச்சின் இந்தத் தடவை கத்தவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காதுமூடி கழன்றது. பதிவு ஓடியது. பான் சார் பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டார். "நான் ஒரு தடவைதான்" என்று ரஸ்ஸலின் குரல் வந்ததும் பென்சில் நின்றது. தலை மெல்ல ரஸ்ஸல் பக்கம் திரும்பியது, அங்கிருந்து யாச்சின் பக்கம். பதிவு முடிந்தது. மூன்றாவது விடையைச் சுற்றி, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு வட்டம் போட்டார்.

"சூப்."

"சரி" என்றார் பேராசிரியர் ஷாவ். "கேள்வியில குறை ஏதாவது உண்டா? நீங்க உண்டுன்னா நான் நத்தையை எடுக்கிறேன்."

"உண்டு" என்றார் பான் சார்.

யாச்சினின் கண் நத்தை இருந்த உறைக்குப் போனது. பான் சார் தொடர்ந்தார்.

"கேவலம் ஒரு சூப்புக்காக எந்த மனுஷனாவது இப்படி மானத்தை விட்டுப் பேசுவானா? நம்பற மாதிரியே இல்ல. அதைப் பன்னிக்கால்னு மாத்துங்க."

பேராசிரியர் இழுப்பறையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சொற்களின் தொகுப்பை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, விரலை ஓட்டிப் பார்த்தார்.

"பன்னி இருக்கு. கால் இருக்கு. ரெண்டும் சேர்ந்த சமையல் இல்ல. சூப் இருக்கு."

பான் சார் அந்தப் பக்கத்தில் தானும் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்தார். அவருக்குத் தொழில் தர்மம் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாத சொல்லைப் போடுவது பாவம்.

"அப்ப சூப்பே இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.