மாப்பிள்ளையின் என்ஜின்

அந்தச் சிவப்பு வண்டியை லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பட்டறை வாசலில் கயிற்றை அவிழ்ப்பதற்குள் மாப்பிள்ளை லாரியிலிருந்து குதித்து வந்து அதன் முன்சக்கரத்தை ஓங்கி உதைத்தார். கால் வலித்திருக்க வேண்டும். ஒரு கணம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வலித்ததற்காக இன்னும் ஓர் உதை விட்டார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஒரே தங்கையை இந்த மனிதருக்குக் கட்டிக்கொடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இவருக்கு முன்னால் அவன் குரல் தானாகவே இறங்கிவிடும்.

"என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"நூத்தம்பதுல போயிட்டிருந்தேன், மச்சான். கடகடன்னு ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் என்ஜின் பிடிச்சுக்கிச்சு. பின்சக்கரம் பூட்டிக்கிட்டு, நடுரோட்ல ரெண்டு சுத்து சுத்துச்சு. நான் உயிரோட நிக்கிறதே பெரிசு."

பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளுவது அவர் தொழில். மூன்று மாடிக் கட்டடம் கண்ணெதிரே சரிந்து விழும்போது புழுதிக்குள் நின்று சிரிப்பார் என்று அவருடைய ஆட்களே சொல்வார்கள். இடிக்காமல் அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது இந்த வண்டி ஒன்றைத்தான். முப்பது வருடத்துக்கு முந்தைய தயாரிப்பு. இரண்டே இருக்கை. என்ஜினில் அடித்த எண்ணும் வண்டியின் உடம்பில் அடித்த எண்ணும் பொருந்துகிற, தயாரித்தபோது மாட்டிய என்ஜினே இருக்கிற வண்டி அந்த ரகத்தில் இன்று அபூர்வம்.

"பிரிச்சுப் பாருங்க. லேத்துக்குக் கொண்டுபோவீங்களோ, ஒவ்வொரு பாகமா செஞ்சு போடுவீங்களோ, எனக்கு இதே என்ஜின் ஓடணும். வேற என்ஜின் மாத்தலாம் அது இதுன்னு வாயைத் திறக்காதீங்க."

"சரி மாப்பிள்ளை."

அவர் போன பிறகு அவன் என்ஜினைக் கழற்றி, பட்டை கட்டி, கூரையிலிருந்து தொங்கிய செயின் பிளாக்கின் சங்கிலியில் மாட்டி, மார்பளவு உயரத்துக்குத் தூக்கினான். அடியில் பெரிய தட்டை வைத்து ஆயிலை இறக்கினான். கறுப்பாக வர வேண்டியது சாம்பல் நிறத்தில் சேறுபோல இறங்கியது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தான். நறநறவென்றது. உலோகத் தூள் இப்படி இருக்காது. இது மணல். அள்ளிப் போட்ட மணல். என்ஜினின் அடித்தட்டைக் கழற்றினான். ஆயில் உறிஞ்சும் வலையை மணல் சிமெண்டு பூசியதுபோல அடைத்திருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் தங்கை போனில் கேட்டது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "அண்ணா, ஆயில் ஊத்துற ஓட்டை வழியா மண்ணு விழுந்தா காருக்கு என்ன ஆகும்?" ஏதோ விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று, "மாரடைப்புதான், உடனே போய்ச் சேர்ந்துடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நீயா செஞ்சே?"

"ஆமா."

"பைத்தியமா உனக்கு? அவர் செத்திருப்பாரு!"

"அந்தக் கார்ல என்னை உட்கார வெச்சு என்ன செய்வாருன்னு உனக்குத் தெரியுமாண்ணா?" அவள் அழவில்லை. கடைக்குச் சாமான் சீட்டு சொல்வதுபோலச் சொன்னாள். "நூத்தறுபதுல விடுவாரு. என் பெல்ட்டைக் கழட்டிட்டு, என் பக்கத்துக் கதவைத் திறந்து விட்டுடுவாரு. ஒரு கை ஸ்டியரிங்ல, ஒரு கை என் பின்கழுத்துல. வெளியே தள்ளித் தள்ளி இழுப்பாரு. 'சொல்லு, யார்கிட்ட போன்ல பேசினே'ன்னு. அன்னிக்கு நான் பேசினது உன்கிட்ட. ரோடு என் முகத்துக்கு ஒரு முழம் கிட்ட ஓடுச்சு. வண்டி இல்லேன்னா அது இருக்காதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

நான்கு வருடத்துக்கு முன் அவள் கை உடைந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். அந்தக் குளியலறைத் தரை உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது. அவனே கால் வைத்துப் பார்த்திருக்கிறான். தெரிந்துகொண்டேதான் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி, பழங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான்.

"சரி, நான் பார்த்துக்கறேன்" என்றான்.

வழி ஒன்றுதான் இருந்தது. என்ஜினைச் சீர்செய்வது என்றால் அது லேத்துக்குப் போகும். ஒவ்வொரு பாகமும் வெளியே வரும். நாலு பேர் கையால் தொட்டுப் பார்த்து "மணலுங்க" என்று மாப்பிள்ளையிடமே சொல்வார்கள். மாற்றுவது என்றால் இது காயலான் கடையில் உருகிப் போகும், சங்கதியும் அதோடு போகும். அவன் ஆயிலைக் கொட்டிவிட்டு, அடித்தட்டைத் திரும்ப மாட்டி, இரண்டு போல்ட்டை முறுக்கி வைத்தான்.

சாயங்காலம் நாலு மணிக்கு மாப்பிள்ளை வந்தார்.

"தேறாது மாப்பிள்ளை. கிராங்க் போயிடுச்சு, பேரிங் எல்லாம் உருகிடுச்சு. விபத்துல அடிபட்ட இதே ரக வண்டி ஒண்ணு எனக்குத் தெரிஞ்சவர்கிட்ட இருக்கு. என்ஜின் புதுசு மாதிரி. ரெண்டு வாரத்துல மாட்டிடலாம்."

"காலையில நான் என்ன சொன்னேன்?"

"சொன்னீங்க. ஆனா இதுக்கு மேல செலவு பண்றது..."

"ஏன் பிடிச்சுது?"

"ஆயில் பம்ப் நின்னுபோச்சு."

"பம்ப்பைக் காட்டுங்க."

அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். மாப்பிள்ளை காத்திருக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த என்ஜினுக்குக் கீழே குனிந்து, இரண்டே போல்ட்டில் நின்ற அடித்தட்டைப் பார்த்தார். தானே ஸ்பேனரை எடுத்துக் கழற்றினார். தட்டின் மூலையில் விரலை விட்டு வழித்து, வெளிச்சத்தில் பிடித்தார். இருபது வருடமாக மண்ணையும் செங்கல்லையும் தின்கிற இயந்திரங்களோடு வாழ்கிற மனிதர்.

"மணல்" என்றார் மெதுவாக. "என் வண்டியில மணல். அதை மறைக்கப் பார்க்கறீங்க."

"நான்தான் போட்டேன், மாப்பிள்ளை."

சொல்லி முடிக்கும் முன்பே அடி விழுந்தது. மேசை மேலிருந்த நீள இரும்புக் கம்பி அவர் கையில் எப்போது ஏறியது என்று அவன் பார்க்கவில்லை. தடுக்கத் தூக்கிய இடது முன்கை காய்ந்த விறகுபோலச் சத்தமிட்டு உடைந்தது. இரண்டாவது அடி விலாவில். அவன் மடிந்தபோது தலைமுடியைப் பற்றி மேசைமேல் பொருத்தியிருந்த இடுக்கியில் முகத்தை மோதினார். பல் உடைந்து வாய் ரத்தத்தால் நிறைந்தது. தரையில் விழுந்தவனை அவர் நிதானமாக, இடம் பார்த்து, ஒவ்வொன்றாக உதைத்தார். உதைக்கும்போது மூச்சுகூட வாங்கவில்லை.

"எதுக்கு? ம்? எதுக்குப் போட்டீங்க?"

"உங்க மேல... கோபம்."

"எப்ப போட்டீங்க?"

அவன் பதில் தேடினான். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. மாப்பிள்ளை உதைப்பதை நிறுத்தினார்.

"வண்டி கடைசியா உங்க கைக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு. என் வீட்டு ஷெட்டைத் தாண்டி அது எங்கேயும் நிக்காது. சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு வீட்ல." அவர் முகம் தெளிந்தது, கணக்குப் போட்டு விடை வந்த முகம். கம்பியைத் துணியில் துடைத்துவிட்டு, கீழே போடாமல், கையிலேயே வைத்துக்கொண்டார். "நீங்க படுத்திருங்க மச்சான். நான் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."

தொங்கும் என்ஜினுக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்து வழியாக அவர் வாசலை நோக்கி நடந்தார்.

மெக்கானிக் எழுந்தான். எப்படி எழுந்தான் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள், அவனுக்கே தெரியாது. உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோளைக் கொடுத்து என்ஜினைத் தள்ளினான். இரண்டு ஆள் எடைக்கு மேலிருந்த இரும்பு சங்கிலியோடு ஆடிப் போய் மாப்பிள்ளையைச் சுவரோடு நசுக்கியது. அவர் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. என்ஜின் திரும்பி வந்தது, அவர் சுவரோரம் கால் நீட்டிச் சரிந்தார். அவன் மறுபடி தள்ளினான். இந்தத் தடவை பட்டை நழுவியது. என்ஜின் சரிந்து அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே விழுந்தது. இரும்பு பிளக்கும் சத்தமும் எலும்பு நொறுங்கும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

மாப்பிள்ளை அலறினார். ஒரு மனிதத் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று அவன் நினைத்ததில்லை.

"தூக்கு! மச்சான், தூக்கு! செத்துப்போயிடுவேன்!"

செயின் பிளாக்கைப் பட்டையில் மாட்டி இழுத்தால் போதும். ஒரு கையாலேயே முடியும். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ரத்தம் ஒட்டிய விரலால் போனை எடுத்தான்.

"உடனே கிளம்பு. கட்டின துணியோட கிளம்பு. பஸ் ஏறினதும் எனக்குச் சொல்லு."

"அண்ணா, அங்க யாரு கத்தறது?"

"கிளம்பும்மா."

மாப்பிள்ளையின் கைகள் தரையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தன. அவர் கெஞ்சினார், திட்டினார், அம்மாவைக் கூப்பிட்டார், மறுபடி கெஞ்சினார். எண்ணெயும் ரத்தமும் கலந்து வாசல் பக்கம் ஓடின. ஒருமுறை கம்பியை எட்டிப் பிடித்து அவன்மேல் வீசினார். அது காதோரம் போய்ச் சுவரில் மோதியது. அதன் பிறகு சத்தம் குறைந்தது.

"நீ வெளியே போகக் கூடாது" என்றான் அவன். மாப்பிள்ளையை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இருபத்திரண்டு நிமிடம் கழித்துப் போன் அடித்தது. "ஏறிட்டேன்" என்றாள். அதற்கு மேல்தான் அவன் சங்கிலியை இழுத்தான், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான்.

மாப்பிள்ளைக்குக் கால் போய்விட்டது. வழக்கு நடந்தது. தங்கை கூண்டில் நின்று, கதவு திறந்த காரையும் உடைந்த கையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மணலைப் போட்டது தான்தான் என்பதையும் சொன்னாள். "கை உடைஞ்சிருந்துது, தூக்க முடியலைன்னு சொல்லுங்க, போதும்" என்று வக்கீல் அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நீதிபதி கேட்டபோது அவன், "முடிஞ்சிருக்கும். அவ பஸ் ஏறுற வரைக்கும் தூக்க மனசு வரலை" என்றான். மூன்று வருடம் போட்டார்கள்.

சிறைக்குப் போன முதல் மாதம் தங்கை பார்க்க வந்தாள். ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே, தான் பட்டறையைப் பார்க்கப் போயிருந்த அன்று மாப்பிள்ளையின் ஆட்கள் வந்து சிவப்பு வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள் என்றாள்.

"என்ஜினையும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நடுவுல ரெண்டா பிளந்துபோயிருக்குன்னு காட்டினேன். அவரு சொல்லி அனுப்பியிருக்காராம், வேற என்ஜின்தான் போடணும்னா போடச் சொல்லுன்னு."

அவன் சிரிக்கப் பார்த்தான். உடைந்த பல் இடுக்கில் காற்று பட்டுக் கூசியது.

"பயமா இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு" என்றாள். "ஆனா கதவை நானே உள்பக்கமா தாழ் போட்டுக்கிட்டுத் தூங்கறேன்."

பார்க்கும் நேரம் முடிந்து மணி அடித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.