ஐயரின் கார் ஏன் முந்தியது

முப்பத்தொரு வருடம் யாழ்ப்பாணத்துக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் பஸ் ஓட்டியவன் நான். கடலுக்கு நடுவே போகும் தாம்போதி வீதியில் கடல் ஏறிப் படுத்திருந்த நாள்களிலும் ஓட்டினேன். மீன்கள்தான் ஒதுங்கி வழி விட்டன. அப்படிப்பட்டவனைப் பதினொரு வெள்ளிக்கிழமை தொடர்ந்து தோற்கடித்தவர் நயினாதீவுச் சந்திரமௌலீச ஐயர். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

பூசையை மகனிடம் கொடுத்துவிட்டு அவரும் ஓய்வு, நானும் ஓய்வு. கணினியில் கார்ப் பந்தயம்தான் பொழுதுபோக்கு. அவர் தீவில் தன் வீட்டில், நான் இக்கரையில் மடத்துவெளியில் என் வீட்டில். இணையத்தில் ஒரே வீதி. இந்தப் பன்னிரண்டாவது ஓட்டத்துக்கு ஒரு பந்தயம் கட்டியிருந்தோம்: தோற்றவர் குறிகட்டுவான் படகுத்துறைத் தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் கேட்க, மற்றவரே நல்ல சாரதி என்று சொல்ல வேண்டும். அந்தக் கடையில் பாதிப்பேர் என் பஸ்ஸில் வளர்ந்தவர்கள். அவர்கள் முன்னால் அதைச் சொல்வதைவிட என் லைசென்ஸை மென்று விழுங்கலாம்.

வளைவுகளில்தான் என் சிக்கல். வீதி துண்டுதுண்டாகத் தாவும். நான் திருப்பியதைக் கார் அறிவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். வியாழன் காலை, கணினித் திரையை வாங்கி அனுப்பிய மகள் சர்மிதாவை ரொறன்ரோவுக்கு அழைத்தேன்.

"அப்பா, அந்தத் திரை செக்கனுக்கு நூற்றி நாப்பத்திநாலு தரம் படம் மாத்தும். செற்றிங்ஸில எத்தினை காட்டுது?"

"அறுபது."

"கூட்டுங்கோ."

"ஏலாது பிள்ளை, அதுக்கு மேல ஒண்டும் இல்லை."

"பெட்டிக்குள்ள வந்த வயரோ போட்டிருக்கிறியள்?"

நான் மனைவி மீனலோசனியைப் பார்த்தேன். அவள் அலுமாரியைப் பார்த்தாள்.

"புது வயரை உப்புக்காத்தில விடுறதே? பழைய ரீவி வயர் நல்லாத்தானே கிடந்தது!"

வெளிநாட்டுச் சாமான் எதுவும் எங்கள் வீட்டில் முதலில் அலுமாரிக்குத்தான் போகும். வெளியே வர ஒரு கலியாணமாவது நடக்க வேண்டும். இரண்டு துவாய்க்கும் ஒரு சோப்புப் பெட்டிக்கும் நடுவில், கட்டவிழாமல் கிடந்தது வயர். சர்மிதா சிரித்த சிரிப்பில் கனடாவில் பனி சரிந்திருக்கும்.

மாற்றினேன். நூற்று நாற்பத்து நான்கு வந்தது. ஆனாலும் கார் விக்கியது.

"இப்ப கொம்பியூட்டர் எத்தினை படம் குடுக்குது? மூலையில நம்பர் இருக்கும்."

"எழுபது."

"திரை கேக்கிறதில பாதிதான் வருது. வேலையைக் குறைச்சு விடுங்கோ."

எனக்குச் சட்டென்று விளங்கியது. திரைதான் பஸ் தரிப்பிடம், கணினிதான் டிப்போ. தரிப்பிடத்தில் நூற்று நாற்பத்து நான்கு பஸ்ஸுக்கு இடம் இருக்கிறது. டிப்போ எழுபதைத்தான் விடுகிறது. முன்னர் டிப்போ எழுபது விட, தரிப்பிடத்தில் அறுபதுக்குத்தான் இடம், இடித்துக்கொண்டு நின்றன. உடனே செற்றிங்ஸில் போய் மரங்களின் நிழலை எல்லாம் பிடுங்கினேன். பந்தயம் பார்க்க வந்த நாற்பதாயிரம் சனத்தை வீட்டுக்கு அனுப்பினேன். மூலையில் நூற்று முப்பத்தெட்டு.

வெள்ளி பின்னேரம் நான்கு மணிக்கு ஓடினோம். வீதி எண்ணெய் போல வழுக்கி வந்தது. நான் நினைக்க, கார் திரும்பியது. கடைசி வளைவில் ஐயர் கொஞ்சம் அகலமாகப் போனார். அந்த இடைவெளி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நுழைந்தேன். நான் வென்றது அரைக் கார் நீளத்தில்தான் என்கிறார் ஐயர். என் கணக்கில் அது வேலணைத் தீவளவு தூரம்.

சனிக்கிழமை ஐயர் முதல் படகில் வந்திறங்கி, கடையில் எழுந்து நின்று, பந்தயப்படி சொல்ல வேண்டியதை வஞ்சகமில்லாமல் சொன்னார். பிறகு கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார்.

"மார்க்கண்டர், உண்மையைச் சொல்லும். என்ன செய்தனீர்?"

"அனுபவம், ஐயா."

"அனுபவமோ?" கோயிலுக்குப் போக என்னோடு வந்திருந்த மீனலோசனி விடவில்லை. "புது வயர் மாத்தினவர், ஐயா. இவ்வளவு நாளும் அறுபதில ஓடினவர்."

நான் அதையே பிடித்துக்கொண்டேன். "ஓம் ஐயா! அதாலதான் தோத்தனான். அந்தப் பதினொண்டும் செல்லாது."

ஐயர் தேத்தண்ணியை ஆற்றினார்.

"என்ர திரை எத்தினை எண்டு நினைச்சீர்? மகன்ர பழசு. அறுபதுதான். இண்டைக்கும் அறுபதுதான்."

கடைக்குள் யாரோ விசிலடித்தார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மீனலோசனி முதலில் திரும்பினாள். வேறு வழியில்லை, எழுந்தேன்.

"ஐயர் என்னைவிட நல்ல சாரதி."

"கேக்கேல்லை," என்றார் ஐயர்.

இரண்டாம் தரம் சொன்னபோது கடலுக்கு அப்பால் நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் தலை நிமிர்ந்தன.