அளக்காமல் விட்ட நாலு கட்டம்

ராமுத்தாய்க்குக் கருமாதி முடிந்த மறுநாள் காலையிலேயே அவள் புருஷன் அழகுராஜா ஒர்க்‌ஷாப்பைத் திறந்துவிட்டான். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆமத்தூர் டீக்கடையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசட்டும். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் வீட்டுக்குள் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் இவர்கள் வந்து கஞ்சி ஊற்றப் போகிறார்களா என்ன?

அவனுக்கு அழுகை வரவில்லை. அவள் வேலை பார்த்த தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு யூனிட்டில் மருந்து அறை வெடித்து, ராமுத்தாயோடு இன்னும் மூணு பேர் போய்ச் சேர்ந்த அன்றைக்கும் வரவில்லை. உட்காரு என்றால் உட்கார்ந்தான், எந்திரி என்றால் எந்திரித்தான். யாரோ இலையில் சோற்றை வைத்தால் தின்றான், ருசி தெரியவில்லை. எல்லாம் மரத்துப்போயிருந்தது.

ஒரே ஒரு நினைப்பு மட்டும் உள்ளே அசையாமல் கிடந்தது. வெடிப்பதற்குச் சற்று முன்னால் யூனிட் முதலாளி சரவணக்குமாரின் கார் மருந்து அறைப் பக்கம் ஊர்ந்து போனதாம், சைலன்ஸரில் பட்டென்று ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்ததாம். தப்பிப் பிழைத்தவள் ஒருத்தி சொல்லியிருந்தாள். அந்தப் பக்கம் வண்டியே போகக் கூடாது என்பது சட்டம். தீபாவளி சீசன் நெருக்கடியில் எவன் சட்டம் பார்க்கிறான்? அந்தக் கார் அழகுராஜா கைவைத்த வண்டி.

காரில் காற்றை அளக்கிற சென்சார் போய்விட்டது. ஒரிஜினல் வரப் பத்து நாளாகும் என்றார்கள். முதலாளிக்கு அம்புட்டுப் பொறுமை ஏது? வேறொரு வண்டியின் சென்சாரை மாட்டினான். சும்மா மாட்டினால் போதாது. எஞ்சினுக்குள் இம்புட்டுக் காற்று வருகிறது என்று சென்சார் சொல்லும், அதை நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும். சொன்னது தப்பென்றால் சைலன்ஸர் குழாயில் இருக்கிற இன்னொரு சென்சார் காட்டிக் கொடுத்துவிடும். உடனே கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஈடுகட்டும். அந்தக் கூட்டல் கழித்தலுக்குத்தான் ஃபியூயல் ட்ரிம் என்று பேர். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நாலு நடை ஓட்டி, ஒவ்வொரு வேகத்திலும் ட்ரிம் எத்தனை சதவீதம் என்று லேப்டாப்பில் எடுத்து, அதே சதவீதத்துக்குக் கம்ப்யூட்டரிலிருக்கும் காற்றுக் கணக்கு அட்டவணையில் வேகத்துக்கு ஒன்றாக இருந்த ஒவ்வொரு கட்டத்தையும் திருத்தினான்.

ஊர்ந்து போகிற வேகத்துக்கான நாலு கட்டம் மட்டும் பாக்கி. அதற்குள் முதலாளியிடமிருந்து போன்மேல் போன். “லோடு நிக்குதுப்பா, வண்டியக் குடு.” பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் குத்துமதிப்பாக நாலு எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டான். யூனிட்டுக்குள் கார் ஓடுவதே அந்த நாலு கட்டத்தில்தான். கணக்கு தப்பிப் பெட்ரோல் அதிகமாகப் போனால் எரிந்தது போக மிச்சம் சைலன்ஸரில் வெடிக்கும், பொறி பறக்கும். படுபாவி, இது தெரிந்தேதான் அனுப்பினான்.

பத்து மணிக்கு அதே கார் வந்து நின்றது. பின்கண்ணாடி நொறுங்கியிருந்தது. சரவணக்குமார் இறங்கி, நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்.

“மருந்து உரசித்தான் வெடிச்சதுன்னு கேசுல எழுதிட்டாங்க. ஆனா எனக்குத் தூக்கம் வரல. என் வண்டியாலயான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

இத்தனை வருஷத்தில் அவர் அவனை நீங்க என்று சொன்னதில்லை.

அழகுராஜா வயரைச் சொருகி, அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து லேப்டாப்பை மடியில் வைத்தான். “நான் ஓட்டுறேன். இந்த எண்ண மட்டும் வாசிச்சுட்டே வாங்க மொதலாளி. மைனஸ் பதினஞ்சு, இருபதுன்னு வந்தா பெட்ரோல் அதிகமாப் போயிருக்குன்னு அர்த்தம், வண்டிதான் காரணம்.”

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கண்மாய்க்கரை மண்பாதையில் முதல் கியரில் ஊர்ந்தார்கள். சரவணக்குமார் திரையில் விரலை வைத்து வாசித்தார்.

“மைனஸ் ரெண்டு.”

ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தான்.

“சைபர். பிளஸ் ஒண்ணு. சைபர். இது நல்லதா கெட்டதா?”

“நல்லது.”

நாலு கட்டமும் ஆயிற்று. வண்டியைத் திருப்பி மறுபடி ஓட்டினான். மைனஸ் ஒண்ணுக்குக் கீழே போகவில்லை.

“அப்ப வண்டி இல்லையா?”

“வண்டி இல்ல மொதலாளி.”

பெரிய மனிதர், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழகுராஜா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். குத்துமதிப்பாகப் போட்ட நாலும் சரியாக இருந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவன் அவன். ஆனால் நான்தான் கொன்றேன் என்கிற நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் விடிந்ததும் எழுந்து உட்கார்ந்தான். அவளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்கவாவது ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. அவள் சும்மாவே செத்துப்போயிருக்கிறாள்.

சரவணக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடினார், கதவில் கை வைத்தார். அழகுராஜா அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

“எறங்காதீக மொதலாளி. இன்னொரு தடவை போய்ப் பாத்துருவோம். எங்கனயாச்சும் தப்பு இருக்கும்.”